இரைச்சலுக்குள் ஒரு பெயர்

ரௌட்டர் ஒன்று வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னதும், என் கணவர் ஸர்வத் அலமாரி மேல் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்த இணையப் பெட்டியைக் காட்டினார்.

"இருக்கிறது ஒண்ணு போதாதா? இன்னொண்ணு யாருக்கு?"

"நான் சொல்றது மரவேலை ரௌட்டர். மரத்துல பள்ளம் குடையற மெஷின்."

"தெரியாமலா கேக்கறேன்? தும்யாத்துல பொறந்தவனுக்கு மர மெஷின் தெரியாதா? உனக்கு எதுக்குன்னுதான் கேட்டேன்."

பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதன்பிறகு வீட்டின் கீழறையைக் காலி செய்து ஒரு மேசை போட்டேன். துறைமுக இழுவைப் படகில் இன்ஜின் பார்த்த ஸர்வத், தன் பழைய சாமான்களை அங்கேதான் அடைத்துவைத்திருந்தார். அவற்றை மொட்டை மாடிக்கு ஏற்ற வைத்ததில் அவருக்கு என்மேல் இன்னும் வருத்தம் உண்டு. தும்யாத் எகிப்திலேயே மரச்சாமான்களுக்குப் பேர்போன ஊர்; எங்கள் தெருவில் கட்டிலோ நாற்காலியோ செய்யாத வீடு கிடையாது. ஆனால் அதைச் செய்கிற கை ஆண் கையாக இருக்கும். நான் முதல் முக்காலியைச் செய்து முடித்தபோது எதிர்வீட்டுப் பெண்கள் அதில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அது ஆடவில்லை என்றதும் சிரிப்பு நின்றுபோனது.

இப்போது போர்ட் சயீதிலிருக்கும் மகளின் சமையலறைக்குக் கதவுகள் செய்ய எடுத்திருந்தேன். கதவென்றால் சட்டங்களுக்கு உள்பக்கம் பள்ளம் வேண்டும், வெளியோரத்துக்கு வளைவு வேண்டும். உளியால் இரண்டு சட்டம் குடைந்ததற்கே தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது.

மக்ஸூதின் கடைக்குப் போனேன். புதிது, பழையது எல்லா மெஷினும் வைத்திருப்பான். என்னிடம் படித்தவன். தலை நரைத்த பிறகும் என்னை, டீச்சரைக் கூப்பிடுவதுபோல் "அப்லா" என்றுதான் கூப்பிடுவான். வகுப்பில் கூப்பிட்ட அதே பயத்தோடு.

சின்ன மெஷின் ஒன்றைக் காட்டினான். ஒரு கைக்குள் அடங்கியது. ஓரம் இழைக்க நல்லதுதான், ஆழமாகப் பள்ளம் போட அதற்கு வலு போதாது. அடுத்தது புதிய சீன மெஷின். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கீழே அழுத்தி இறக்கியபோது அதைத் தாங்கும் இரண்டு தண்டுகளும் லேசாக ஆடின. மரத்தை வெட்டும் பிட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பள்ளம் கோணிவிடும். மூன்றாவதாகப் பெரிய ஜெர்மன் மெஷின். அதைத் தூக்கியதும் என் தோள் வேண்டாம் என்றது.

அப்போதுதான் கீழ்த்தட்டில், பழைய சாக்குக்குப் பின்னால், இன்னொன்றைப் பார்த்தேன். இழுத்து எடுத்தேன். பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிந்தது. வலது பிடி பழைய பிளாஸ்டிக். இடது பிடியை மட்டும் யாரோ எலுமிச்சை மரத்தில் கடைந்து பொருத்தியிருந்தார்கள். பிடித்தேன். என் கைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. தண்டுகள் துளியும் ஆடவில்லை. பிட்டைக் கவ்வும் வாயில் ஒரு கீறல்கூட இல்லை.

"அப்லா, அது வேணாமே" என்றான் மக்ஸூத்.

"ஏன், ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல. பழசு, அவ்வளவுதான்."

"நானும்தான் பழசு. என்னை என்ன சாக்குக்குப் பின்னாலயா வெச்சிருக்காங்க?"

அவன் சிரிக்கவில்லை. புதியதையே எடுத்துக்கொள்ளச் சொல்லி மறுபடியும் கெஞ்சினான். காலங்காலமாக அவனுக்குச் சரியான விடை எது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன், அவன் எனக்குச் சொன்னதில்லை. பழையதைத்தான் வாங்கி வந்தேன்.

அன்று மதியத் தொழுகை முடிந்ததும் மெஷினைப் போட்டேன். காதுக்குச் சத்தம் தடுக்கும் பெரிய மூடியை மாட்டிக்கொண்டு, ஒரு வீண் பலகையில் ஓரம் இழைத்தேன். பீச் மரம் பட்டுப்போல் வழிந்தது. பாதிப் பலகை போயிருப்பேன். மாடிப்படியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

மெஷினை நிறுத்தினேன். "என்ன வேணும்?" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

ஸர்வத் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ எதுக்குக் கத்தறே?"

"கூப்பிட்டீங்களே!"

"நான் எங்க கூப்பிட்டேன்? காலம்பூரா இன்ஜின் சத்தத்துல கிடந்தவனுக்கே இன்னும் காது நல்லா இருக்கு. உனக்கு ஒரு பலகைக்குள்ள போயிடுச்சா?"

அவர் சொன்னது சரியாகவே பட்டது. பெரும் இரைச்சலுக்குள் நம் மூளை ஏதாவது ஒன்றைத் தேடிப்பிடிக்கும். தொலைபேசி அடிப்பதுபோல் இருக்கும், குழந்தை அழுவதுபோல் இருக்கும். மிக்ஸி ஓடும்போது இதெல்லாம் கேட்காத பெண் யார்? மறுபடியும் மெஷினைப் போட்டேன்.

மறுபடியும் கேட்டது. இம்முறை என் முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கமிருந்து. ஓர் ஆணின் குரல், வயதான குரல். என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. காதுமூடியைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டிப் பார்த்தேன். இரைச்சல் பல மடங்கு ஏறியது. குரல் ஏறவும் இல்லை, குறையவும் இல்லை. மூடியை மாட்டினேன். இரைச்சல் அடங்கியது. குரல் அப்படியே இருந்தது.

எதற்கும் காரணம் கேட்டே பழகியவள் நான். அன்று மெஷினின் வயரைப் பிடுங்கிவைத்துவிட்டே படியேறினேன்.

அந்த வாரம் முழுக்க வேலை செய்தேன். கதவுச் சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தயாராயின. இத்தனை சுத்தமான பள்ளம் இந்தத் தெருவில் எந்த ஆணும் போட்டிருக்க மாட்டான். மெஷின் ஓடும்போதெல்லாம் குரலும் இருந்தது. மெல்ல மெல்ல அதன் சொல் எனக்குத் தெளிவானது. அது ஒரு பெயர், முன்னால் 'ஏ' என்று கூப்பிடுகிற எங்கள் 'யா'வோடு. "யா ஷௌக்கீ..." கடைசி எழுத்தை நீட்டி, மூச்சு தீரும் மட்டும் இழுத்து, பிறகு ஒரு இடைவெளி. மீண்டும் "யா ஷௌக்கீ..."

எனக்கு ஷௌக்கி என்று யாரையும் தெரியாது. இதை ஸர்வத்திடம் நான் சொல்லவில்லை. சொன்னால், கீழறையைத் திரும்பக் கேட்பார் என்று நினைத்தேன்.

ஒருநாள் நீளமான சட்டம் ஒன்றில் பள்ளம் போட வேண்டியிருந்தது. தோள் வலி அதிகம். ஸர்வத்தைக் கூப்பிட்டு, மெஷினை நீங்கள் ஓட்டுங்கள், நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். "கடைசியில என்கிட்டதானே வந்தே" என்று சட்டையை மடித்துக்கொண்டு வந்தார். மெஷின் ஓடியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் குரல் அப்போதும் கேட்டது. ஆனால் இப்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் சட்டென்று நிறுத்தினார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து இளித்தார்.

"ஏ இன்ஷிராஹ், யாருடி இந்த ஷௌக்கி? எனக்குத் தெரியாம பழைய மாப்பிள்ளை யாராவது தேடி வர்றானா?"

 என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு மெல்ல அவிந்தது.

"வாசல்ல யாருமில்லையே" என்றார்.

"இல்ல."

"உனக்கும் கேட்டுச்சா?"

"வாங்கின நாள்லருந்து கேக்குது."

அவர் மெஷினைப் பலகைமேல் வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "இன்ஜினெல்லாம் பேசும். படகு இன்ஜின் என்கிட்ட பேசாததா? அழும், முனகும், பாடும். ஆனா எந்த இன்ஜினும் எவன் பேரையும் சொல்லிக் கேட்டதில்ல." பிறகு தாழ்ந்த குரலில், "நீ பதில் கிதில் சொன்னியா?" என்றார்.

"முதல் நாள் 'என்ன வேணும்'னு கேட்டேன். உங்களைத்தான் கேட்டேன்."

"இனிமே சொல்லாதே. கூப்பிடறதுக்குப் பதில் குடுக்கக் கூடாது."

எங்கள் நாட்டில் ஆற்றங்கரையோரம் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். தண்ணீர்ப் பக்கமிருந்து ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிடுவாள். நத்தாஹா என்பார்கள். பதில் சொன்னவன் அவள் பின்னால் போய்விடுவான். இதையெல்லாம் வகுப்பில் பிள்ளைகள் சொன்னால் நான் அதட்டியிருக்கிறேன்.

"இது ஆம்பளைக் குரலுங்க" என்றேன்.

"அதுதான் இன்னும் எனக்குப் பிடிக்கல" என்றார்.

இருவருமாக மக்ஸூதிடம் போனோம். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, "யாருப்பா ஷௌக்கி?" என்றேன்.

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "யார் சொன்னா உங்களுக்கு?"

"மெஷின் சொல்லுச்சு."

அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்கு முன்பே அதை இரண்டு பேர் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன குறை என்று இருவரும் சொல்லவில்லையாம். ஒருவன் மட்டும், "மெஷின் நல்லாத்தான் இருக்கு, வீட்ல இருக்க முடியல" என்றானாம். ஷௌக்கி என்பது அதை முதலில் கடைக்கு விற்றவனின் பெயர். சிறிய மீன்சந்தைக்குப் பின்னால் வீடு.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"என்னன்னு அப்லா சொல்றது? சொன்னா உதைப்பீங்க."

ஷௌக்கியின் வீட்டுக் கதவை அவன் மனைவி ராவியா திறந்தாள். வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் இறுகியது, ஆனாலும் உள்ளே விட்டாள். ஷௌக்கி முன்னறையில் தரையில் உட்கார்ந்து ஒரு நாற்காலிக்குத் துணியால் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. நான் எலுமிச்சை மரப் பிடியைப் பற்றிச் சொன்னேன்.

"நான்தான் கடைஞ்சேன். இடது கைல எனக்கு ஒரு விரல் சரியா மடங்காது" என்றான். பிறகு, "ஏன், திருப்பிக் குடுக்கவா வந்திருக்கீங்க? நான் வாங்க மாட்டேன்" என்றான்.

நான் கேட்டதை மறைக்காமல் சொன்னேன். துணி அவன் கையில் அப்படியே நின்றது. ராவியா சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

ஷௌக்கி நாற்காலியைத் தள்ளி வைத்தான்.

"எங்கப்பா பய்யூமி. மதியம் சாப்பாட்டுக்கு அவர்தான் பட்டறை வாசலுக்கு வந்து கூப்பிடுவாரு. எனக்கு மெஷின் சத்தத்துல கேக்காது. கேட்டாலும், இந்த ஓரம் முடியட்டும், அந்த ஓரம் முடியட்டும்னு நிறுத்த மாட்டேன். அவரும் திட்டிட்டுப் போயிடுவாரு. அன்னிக்கு ஒரு கட்டில் தலைப்பலகை. கல்யாண ஆர்டர். காதுல மூடி. வாசலுக்கு முதுகு காட்டி நின்னேன். வேலை முடிச்சு நிறுத்தித் திரும்பறேன், அப்பா நிலைப்படில சாஞ்சு உக்காந்திருக்காரு. கை நெஞ்சுல இருந்துச்சு. உடம்பு ஆறிப்போச்சு." துணியை மடித்தான். "எதிர்வீட்டம்மா சொன்னாங்க, ரொம்ப நேரமா உன்னைக் கூப்பிட்டுட்டே இருந்தாரே, வழக்கம்போல சாப்பாட்டுக்குன்னு நினைச்சோம்னு."



"அவர் குரல் எப்படி இருக்கு?" என்று கேட்டான். "கோவமா இருக்கா?"

"நீயே வந்து கேளேன்" என்றேன். ஸர்வத் என் கையை இடித்தார். சொல்லியாகிவிட்டது.

மறுநாள் மதியம் வந்தான். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போகிறவன்போல் இருந்தது. மெஷினைக் கண்டதும் கொஞ்சநேரம் தொடாமல் நின்றான். பிறகு இடது கையை மரப்பிடிமேல் வைத்தான். அந்தக் கை அதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் ஒரு பலகையை மேசையில் இறுக்கிக் கொடுத்தேன். ஸர்வத் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

மெஷின் ஓடியது. அவன் காதுமூடி போடவில்லை. பிட் மரத்தில் இறங்கியதுமே எனக்குக் கேட்டுவிட்டது. "யா ஷௌக்கீ..." என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தெளிவாக. நான் ஷௌக்கியைப் பார்த்தேன். அவன் வேலையைப் பார்த்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பலகையின் கோடிவரை போய்த் திரும்பினான். மறுபடியும் இழைத்தான். பிறகு தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்து, இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"எங்க? கூப்பிடறாரா?"

குரல் அந்த நிமிடமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

வாசலில் ஸர்வத்தின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நிலையிலிருந்து விலகி, சுவரோடு சுவராக நகர்ந்து என் பக்கத்துக்கு வந்துவிட்டார். "என் காதுக்குப் பக்கத்துல நிக்கிறான்டி... நிக்கிறாரு" என்றார்.

"கூப்பிடறாரா, இல்லையா?" ஷௌக்கி மெஷினை நிறுத்தாமல் மறுபடியும் கத்தினான்.

"கூப்பிடறாரு!" என்றேன்.

"என்ன சொல்றாரு?"

எங்களுக்குக் கேட்டது பெயர் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட மூச்சு குறைந்து, நீளம் குறைந்து வந்துகொண்டிருந்தது. அதை ஒரு மகனிடம் எப்படிச் சொல்வது? ஸர்வத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார்.

"சாப்பிடக் கூப்பிடறாருப்பா! கோவமெல்லாம் இல்ல!"

ஷௌக்கியின் முகம் கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. வாசல் பக்கம் திரும்பினான். அங்கே வெயிலும் தெருவும் தவிர வேறெதுவும் இல்லை. வாயைத் திறந்தான். ஸர்வத், "டேய், பதில் சொல்லாதே!" என்று பாய்ந்தார்.

"இதோ வர்றேன்ப்பா!" என்றான் ஷௌக்கி.

பெயர் பாதியில் நின்றது. "யா ஷௌ..." என்றதோடு சரி. அதன்பிறகு மெஷின் வெறும் மெஷினாக ஓடியது. ஷௌக்கி அதை நிறுத்தினான். அந்த அமைதியில், வாசற்படியில் கிடந்த மரத்தூள் யாரோ கால் எடுத்துவைத்ததுபோல் லேசாகக் கலைந்ததைப் பார்த்தேன். காற்றாக இருக்கலாம். அன்று காற்று அடித்ததா என்று எனக்கு நினைவில்லை.

"மெஷினை நான் எடுத்துட்டுப் போறேம்மா" என்றான். நான் ஒரு துணியைக் கொடுத்தேன். குழந்தையைப் பொதிவதுபோல் பொதிந்துகொண்டான். வாசலைத் தாண்டும்போது ஒருபுறமாக ஒதுங்கி, முன்னால் இன்னொருவர் போவதற்கு வழி விடுகிறவன்போல் நின்றுவிட்டு, பிறகு அவனும் போனான்.

ஸர்வத் முக்காலியில் உட்கார்ந்தார். "பதில் சொல்லிட்டான்" என்றார். அன்று முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நாங்கள் இருவரும் பயந்துகொண்டிருந்தோம். தெருவில் யாராவது வேகமாக வந்தால் ஸர்வத் பால்கனிக்கு ஓடுவார். ஒரு செய்தியும் வரவில்லை. கதவு வேலை அரைகுறையாகக் கிடந்தது. மறுபடியும் மக்ஸூதிடம் போய், இம்முறை அவன் சொன்ன புதிய சீன மெஷினையே எடுத்தேன். ஆடுகிற தண்டுகளுக்கு அவனே திருகு இறுக்கிக் கொடுத்தான். சுமாரான மெஷின். இரண்டு தடவை இழைக்க வேண்டிய இடத்தில் மூன்று தடவை இழைக்க வேண்டும். ஆனால் அது ஓடும்போது இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அதற்காகவே ஒருமுறை கண்ணை மூடி நின்று கேட்டுப் பார்த்தேன்.

கதவுகளைப் போர்ட் சயீதுக்கு அனுப்பியபின் ஒருநாள் ராவியா வந்தாள். சந்தைக்கூடையோடு நேரே கீழறைக்கே வந்துவிட்டாள். தேநீர் வேண்டாம் என்றாள். புதிய மெஷினைத் தூரத்திலிருந்து பார்த்தாள்.

"இது ஒண்ணும் பேசாதே?"

"பேசாது. உக்காரு. ஷௌக்கி எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காரு." அந்தச் சொல்லை அவள் மெதுவாகச் சொன்னாள். "மறுபடி பட்டறையைத் திறந்துட்டாரு. தூங்கறாரு. உடம்பு தேறியிருக்கு. எங்கூடச் சிரிச்சுப் பேசறாரு, எத்தனையோ நாளாச்சு அப்படிப் பேசி."

"அப்புறம் என்ன?"

"மதியமானா மெஷினை நிறுத்திட்டு 'வர்றேன்ப்பா'ன்னு சொல்லிட்டு வந்து சாப்பிட உக்கார்றாரு. மாமாவுக்கும் தட்டு வைன்னாரு. சரி, துக்கத்துல சொல்றாரு, வெச்சிட்டுப் போறேன்னு வெச்சேன். சோறும் மீனும். நான் அடுப்படிக்குப் போயிடுவேன். அங்கே நிக்க எனக்குத் தைரியமில்ல. அவர் பேசறது மட்டும் கேக்கும். நடு நடுவுல நிறுத்துவாரு, யாரோ பதில் சொல்ற அளவுக்கு."

அவள் கூடையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வந்து தட்டை எடுத்தா, ரெண்டு தட்டும் காலி. அந்தத் தட்டுல முள்ளெல்லாம் ஓரமா வரிசையா ஒதுக்கியிருக்கு. இவர் முள்ளை எடுத்து மேசைமேல போடற ஆளு. வரிசையா ஒதுக்கறது மாமா பழக்கம்."

ஒரு காரணம் தேடிக் கேட்டேன். "ஷௌக்கியே ரெண்டு தட்டுலயும் சாப்பிடலாம் இல்லையா? அப்பா நினைவுல, அவர் மாதிரியே..."

"நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கறேன், அப்லா."

"பயமா இல்லையா உனக்கு?"

"முதல்ல இருந்துச்சு. அம்மா வீட்டுக்குப் போயிடலாமான்னு பார்த்தேன்." தெருவில் மீன் வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா அவர் சிரிக்கிறாரே. அதைக் கெடுக்க மனசு வரல. என்ன பண்றது? கூட ஒரு மீன் வாங்கறேன்."

வண்டிக்காரனை நிற்கச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே அவள் வெயிலில் இறங்கிப் போனாள்.